ஊரை விடாமல் ஓவியராக

கொல்லிமலையின் கிழக்குச் சரிவு புளியஞ்சோலையில் இறங்கித் திருச்சி மாவட்டத்துக்குள் வருகிறது. அங்கிருந்து துறையூர் பக்கம்தான். துறையூர் வட்டாரத்துக் கீரம்பூரில் 1938இல் பிறந்தவர் ஓவியர் கே.எம். ஆதிமூலம். வரைவதே வாழ்க்கை என்று தீர்மானித்த ஒரு கிராமத்து இளைஞருக்கு அன்று இருந்த வழி ஒன்றே ஒன்று: மெட்ராஸுக்குப் போவது. 1959 வாக்கில் போனார். சிற்பி எஸ். தனபாலின் வழிகாட்டுதலில் அரசு ஓவியக் கல்லூரியில் சேர்ந்து 1966இல் படிப்பை முடித்தார். காந்தி நூற்றாண்டையொட்டி அவர் வரைந்த கோட்டோவியங்களையும், சிறுபத்திரிகைகளுக்கும் நூல்களுக்கும் எழுதிக் கொடுத்த தலைப்பெழுத்துகளையும் தமிழ் வாசகர்கள் அறிவார்கள். ஊரை விட்டுக் கிளம்பியதால்தான் அவை நமக்குக் கிடைத்தன.

இன்று மலைமேல் வளப்பூர் நாட்டிலோ குண்டூர் நாட்டிலோ ஒரு பெண்ணுக்கு அதே ஆசை வந்தால் அவள் முதலில் எடுப்பது கைப்பேசியை. எங்கோ ஓர் அமைப்பு ஆன்லைன் ரெசிடென்சிக்கு, அதாவது கலைஞர்கள் சேர்ந்திருந்து வேலை செய்யும் ஏற்பாட்டின் இணைய வடிவத்துக்கு, விண்ணப்பம் கேட்டிருக்கும். ஆறு வாரமோ எட்டு வாரமோ, வெவ்வேறு ஊர்க் கலைஞர்கள் பத்துப் பேர் திரையில் கூடுவார்கள். வாரம் ஒருமுறை ஜூமில் ஒருவருக்கொருவர் வேலையைக் காட்டுவார்கள். மூத்த கலைஞர் ஒருவர் வந்து பேசுவார். இடையில் வாட்ஸ்அப் குழுவில் படங்கள் வந்தபடி இருக்கும். சில இடங்களில் சிறு உதவித்தொகையும் உண்டு. முடிவில் எல்லாரும் சேர்ந்து ஒரு கண்காட்சி. பேருந்துச் சீட்டு எடுக்காமல், வீட்டுப் பெரியவர்களிடம் அனுமதிக்கு மன்றாடாமல், ஒரு கலைக் கூட்டத்துக்குள் நுழைந்துவிடலாம். இது சின்ன மாற்றம் இல்லை. இதைத் தாழ்வாகப் பேசுகிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. அதே நேரம், கூடி இருப்பது என்றால் என்ன என்பதைத் தமிழ்நாட்டு ஓவியர்கள் ஒருமுறை உடம்பால் வாழ்ந்து காட்டியிருக்கிறார்கள். அதைச் சொல்லாமல் இன்றைய கணக்கைப் போட முடியாது.

ஆதிமூலம் கல்லூரியை முடித்த அதே 1966இல்தான் ஈஞ்சம்பாக்கம் கடற்கரையில் சோழமண்டலம் ஓவியர் கிராமம் பிறந்தது. கே.சி.எஸ். பணிக்கர் 1957இலிருந்து அந்தக் கல்லூரியின் முதல்வர். 1850இல் அலெக்சாண்டர் ஹன்டர் தொடங்கிய பள்ளியின் தொடர்ச்சி அது. வருடா வருடம் நல்ல கைகள் வெளியே போவதையும், போன பிறகு வரைவதை விட்டுவிடுவதையும் பணிக்கர் பார்த்துக்கொண்டே இருந்தார். படம் வாங்குகிறவர்கள் அன்று மெட்ராஸில் அபூர்வம். நல்ல வேலை கிடைத்தவர்கள் நெசவாளர் சேவை மையம் போன்ற இடங்களில் டிசைன் போட்டார்கள். ஆதிமூலமும் அங்கே வேலை பார்த்தவர்தான். மற்றவர்கள் என்ன ஆனார்கள் என்று கேட்க ஆள் இல்லை. கலைஞன் தன் கையாலேயே சோற்றுக்கும் சம்பாதித்துக்கொண்டு, மீதி நேரத்தில் யாருக்கும் பதில் சொல்லாமல் வரைய ஓர் ஏற்பாடு வேண்டும் என்று பணிக்கர் நினைத்தார்.

அந்த ஏற்பாட்டுக்குப் பணம் கொடுத்தது பாத்திக். ஓவியர்கள் கைவினைச் சங்கம் ஒன்றை அமைத்து, துணியில் பாத்திக் போட்டு விற்றார்கள். அந்த வேலையை ஒரு நிமிடம் கிட்டப் போய்ப் பார்க்க வேண்டும். பாரஃபினும் தேன்மெழுகும் கலந்து சூடாக்கி, அது ஆறுவதற்குள் தூரிகையால் துணியில் இழுக்க வேண்டும். சூடு குறைந்தால் மெழுகு மேலாகவே நின்றுவிடும். கூடினால் கோட்டைத் தாண்டி ஓடிவிடும். பிறகு ஆறிய சாயத்தில் முக்க வேண்டும். சாயம் சூடாக இருந்தால் மெழுகு இளகி எல்லாம் பாழ். வெளிர் நிறத்திலிருந்து அடர் நிறத்துக்கு ஒவ்வொன்றாக மெழுகிட்டு, முக்கி, உலர்த்தி, கடைசியில் வெந்நீரில் மெழுகை உருக்கி எடுத்தால்தான் படம் தெரியும். தேன்மெழுகு பிடித்து வைக்கும். பாரஃபின் விரிசல் விடும். அந்த விரிசல்களில் இறங்கிய சாயம் மெல்லிய நரம்புபோல் ஓடுவதுதான் பாத்திக்கின் அழகு. இதை ஒருவர் தனியாகச் செய்வது சிரமம். ஒருவர் அடுப்பைக் கவனிக்க, ஒருவர் துணியைப் பிடிக்க, ஒருவர் சாயத்தொட்டியில் நிற்க வேண்டும். சோழமண்டலத்தின் கூட்டு வாழ்க்கை நிலம் வாங்குவதற்கு முன்பே அந்த அடுப்படியில் தொடங்கிவிட்டது என்பது என் எண்ணம்.

விற்ற காசில் ஏறத்தாழ 10 ஏக்கர் மணல் நிலம் வாங்கினார்கள். மனைகளைப் பிரித்துக்கொண்டு வீடு கட்டினார்கள். பட்டறையும் காட்சிக்கூடமும் பொது. ஜே. சுல்தான் அலி, எம். சேனாதிபதி, பி. கோபிநாத், கே. ஜெயபால பணிக்கர், பி.எஸ். நந்தன், எஸ்.ஜி. வாசுதேவ், கே.சி.எஸ். பணிக்கரின் மகன் நந்தகோபால் என்று அந்த மணலில் காலூன்றியவர்களின் பெயர்கள் இன்று சென்னை ஓவிய இயக்கத்தின் வரலாறாகவே ஆகிவிட்டன. மலையாள எழுத்தும் ஜாதகக் கட்டமும் போன்ற வடிவங்கள் நிறைந்த 'சொற்களும் குறியீடுகளும்' வரிசையைப் பணிக்கர் 1963இல் தொடங்கியிருந்தார். 1977இல் இறக்கும்வரை அந்த வழியில் நிற்காமல் போனார். அவரைப் பார்த்து யாரும் அவரைப்போல வரையவில்லை என்பதுதான் அந்தக் கிராமத்தின் பெருமை. நந்தகோபாலின் உலோகச் சிற்பத்தையும் சுல்தான் அலியின் காளைகளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒரே கிணற்றடியில் வாழ்ந்தவர்கள் என்று சொல்லவே தோன்றாது.

கே. ராமானுஜத்தை இங்கே சொல்லியாக வேண்டும். 1941இல் பிறந்தவர். சரளமாகப் பேச வராது. கூச்சம். வேறு எந்த நிறுவனமும் அவரை வாசலிலேயே நிறுத்தியிருக்கும். பணிக்கர் அவரிடம் இருந்த கையைக் கண்டுகொண்டார். சோழமண்டலம் அவருக்கு இடம் கொடுத்தது. கறுப்பு மையால் நெருக்க நெருக்கமாகக் கோடிழுத்து, மாளிகைகளும் விநோத மிருகங்களும் பறக்கும் உருவங்களுமாக ஒரு முழு உலகத்தை அவர் எழுப்பினார். நடுவே தொப்பி அணிந்த ஒரு சிறு மனிதர் நிற்பார், அல்லது பவனி வருவார். அது அவரேதான். வாழ்க்கையில் கிடைக்காத மரியாதையை அந்தத் தொப்பிக்காரருக்கு ராமானுஜம் காகிதத்தில் கொடுத்துக்கொண்டிருந்தார். 1973இல் தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்டார். வயது முப்பதைத் தாண்டிச் சில ஆண்டுகள்தான்.

சேர்ந்து வாழ்வதை இலட்சியமாகப் பேசுகிற எவரும் அந்த மரணத்தைத் தாண்டிப் போகக் கூடாது. பக்கத்து வீட்டில் நண்பர்கள் இருந்தும் ஒருவர் தனியாகவே இருந்துவிட முடியும். ஆனால், அவர் சாப்பிட்டாரா, இன்று வரைந்தாரா, இரண்டு நாளாக ஏன் வெளியே வரவில்லை என்று தெரிந்துகொள்ளக்கூடிய தூரத்தில் மனிதர்கள் இருந்தார்கள் என்பதும் உண்மை. அந்தப் படங்கள் இவ்வளவாவது உருவானதற்கு அந்தத் தூரம் காரணம். திரையில் கேமராவை அணைத்துவிட்ட ஒருவரைப் பற்றி மற்ற ஒன்பது பேருக்கும் தெரிவது அவருடைய பெயர் மட்டும்.

கலைஞர்களை ஓரிடத்தில் தங்கவைக்கும் ஏற்பாடு வெளியுலகத்தில் பழையது. பிரான்சு அரசு 1666இல் ரோமில் தன் கலைக்கழகத்தைத் தொடங்கி இளம் ஓவியர்களை அனுப்பியது. சோழமண்டலத்துக்குச் சரியாக 300 ஆண்டுகள் முன்பு. அமெரிக்காவில் மெக்டவல் குடியிருப்பு 1907இல் வந்தது. டெல்லியின் கோஜ் அமைப்பு 1997இல் ஒரு பயிலரங்காகத் தொடங்கி, பின்னர் கிர்கி பகுதியில் நிலைகொண்டு, ரெசிடென்சி என்ற சொல்லை இந்தியக் கலைஞர்களின் அன்றாடப் பேச்சுக்குள் கொண்டுவந்தது. எல்லா இடத்திலும் அடிப்படை ஒன்றுதான்: கலைஞருக்குக் கூரை, சாப்பாடு, நேரம், பக்கத்தில் இன்னொரு கலைஞர். 2020இல் பெருந்தொற்று வந்தபோது இந்த நான்கில் முதல் இரண்டும் கழன்று விழுந்தன. உலகம் முழுக்க ரெசிடென்சிகள் திரைக்குப் போயின. ஊரடங்கு முடிந்த பிறகும் பல அங்கேயே தங்கிவிட்டன. செலவு குறைவு என்பது ஒரு காரணம். அதுவரை உள்ளே வர முடியாதவர்கள் வந்தார்கள் என்பது அதைவிட நல்ல காரணம்.

யார் அவர்கள்? சோழமண்டலத்தின் தொடக்கப் பெயர்களில் பெண்கள் மிகக் குறைவு. சிற்பி அனிலா ஜேக்கப், ஓவியர் அர்னவாஸ் என்று விரல்விட்டு எண்ணலாம். கல்லூரியில் பெண்கள் படித்தார்கள். படித்து முடித்த பிறகு கடற்கரையில் தனியே ஒரு மனை வாங்கி, மெழுகுச் சட்டியோடு வாழ எத்தனை குடும்பங்கள் விட்டிருக்கும்? கைக்குழந்தை உள்ள ஒரு சிற்பியால் இன்று குழந்தை தூங்கும் நேரத்தில் கூட்டத்தில் உட்கார முடிகிறது. சக்கர நாற்காலியில் இருப்பவருக்கு எந்த மாடிப்படியும் தடையில்லை. விசா கிடைக்காத யாழ்ப்பாணத்து ஓவியரும் டொரொண்டோவில் இரவு வேலைக்குப் போகும் தமிழ் இளைஞரும் ஒரே மணிக்கு ஒரே கூட்டத்தில் முகம் பார்க்கலாம். இதையெல்லாம் பார்த்த பிறகு பழையபடி இருந்தால் போதும் என்று சொல்ல எனக்கு மனம் வராது.

ஆனால் கொல்லிமலைப் பெண்ணிடம் திரும்பி வருவோம். காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் சோளக்காடு, அடுத்து செம்மேடு. அதுவரை சிக்னல் பற்றிக் கவலை இல்லை. பெயர்கள் 'நாடு' என்றே முடியும் 14 ஊராட்சிகளின் உள் ஊர்களுக்குள் போனால் நிலைமை வேறு. பெருந்தொற்றுக் காலத்தில் நாமக்கல் மாவட்டத்து மலையோரக் கிராமம் ஒன்றில் மாணவர்கள் ஆலமரக் கிளையில் ஏறி உட்கார்ந்து ஆன்லைன் வகுப்பு கேட்ட படம் செய்திகளில் வந்தது. பாடம் கேட்க மரமேறலாம். ஒரு படத்தைக் கோணம் மாற்றி மாற்றிக் காட்டி, அதைப் பற்றி ஒரு மணி நேரம் பேச எங்கே ஏறுவது?

அதைவிடப் பெரிய வளைவு விண்ணப்பப் படிவத்தில் இருக்கிறது. பெரும்பாலான ரெசிடென்சிகள் ஆங்கிலத்தில்தான் கேட்கின்றன. உங்கள் கலை நோக்கை 500 சொற்களில் எழுதுக. உங்கள் திட்டத்தின் கருத்தியல் பின்னணியை விளக்குக. போர்ட்ஃபோலியோவை இணைக்க. சாமைக் கதிர் முற்றும்போது தண்டில் வரும் மஞ்சளையும், மிளகுக்கொடி ஏறிய மரத்தின் நிழலையும் கண்ணால் அளந்து வைத்திருக்கிற ஒருத்திக்கு இந்த 500 சொற்கள் அந்த 70 வளைவுகளைவிடச் செங்குத்து. தனபால் ஆதிமூலத்தை எதை வைத்து எடைபோட்டிருப்பார்? கோட்டைப் பார்த்துத்தான். தமிழில் எழுதலாம், குரலில் பேசி அனுப்பலாம், நாலு படங்கள் போதும் என்று ஒரு வரி சேர்த்துவிட்டால் இந்தக் கதவு இன்றே திறக்கும். சேர்க்கிற அமைப்புகள் மிகச் சில.

கேட்பதன் வலியை இந்த மலை இரண்டாயிரம் ஆண்டுகளாக அறியும். கொல்லிமலைத் தலைவன் வல்வில் ஓரியிடம் வந்த புலவர் கழைதின் யானையார், இரப்பவரின் மானத்தையும் மறுப்பவரின் சிறுமையையும் எடைபோட்டுப் பாடிய பாட்டு புறநானூற்றில் 204ஆவதாக இருக்கிறது. அதே தொகுப்பில் 153ஆம் பாட்டு வன்பரணருடையது. ஓரியைக் காணப் போன கூத்தர் கூட்டம் கண்ணியும் அணிகலனும் யானைகளும் பெறுகிறது, பசி தீர்கிறது, வாத்தியம் முழங்கியும் அவர்களால் ஆட முடியவில்லை, பாட்டும் மறந்துபோகிறது. ஏன் ஆடவில்லை என்று ஓரி கேட்டதாகப் பாட்டில் இல்லை. கலைஞருக்கு முதலில் பசி தீர வேண்டும், ஆட்டம் தானாக வரும்போது வரட்டும் என்று நினைத்த ஒரு புரவலரை நான் அதில் பார்க்கிறேன். இன்றைய ஆன்லைன் ரெசிடென்சியில் பசி யாருடைய பொறுப்பும் இல்லை. வாடகையும் அரிசியும் கலைஞர் பாடு. ஆனால் வாராவாரம் எதையாவது காட்டியாக வேண்டும், எட்டாவது வாரம் கண்காட்சிக்குப் படம் தயாராக வேண்டும். பெறுவது குறைந்து, தர வேண்டியது கூடிவிட்டது.

இனி கண்காட்சி. ஆன்லைன் ரெசிடென்சியின் குழுக் கண்காட்சிகள் இரண்டு வகை. ஒன்று, கண்காட்சியும் திரையிலேயே. இல்லாத ஒரு கூடத்தில் இல்லாத சுவர்களை எழுப்பி, விரலால் தள்ளித் தள்ளி நடக்க வைப்பார்கள். மன்னிக்க வேண்டும், எனக்கு அதில் இரண்டாவது சுவரைத் தாண்டப் பொறுமை இருந்ததில்லை. இரண்டாவது வகையில் படங்கள் நிஜமாகவே ஓர் ஊருக்கு வருகின்றன. கூரியரில் பிவிசி குழாய்களுக்குள் சுருண்டு, குமிழித்தாள் சுற்றி, மூலைக்கு அட்டை வைத்து வருகின்றன. மாட்டும் நாளில் அங்கே இருக்க வேண்டும்.

குழாயிலிருந்து உருவிய கேன்வாஸ் உடனே விரியாது. நாலு மூலையிலும் புத்தகமோ செங்கல்லோ வைத்து ஒரு ராத்திரி படுக்கப் போட வேண்டும். விரிந்த பிறகுதான் எட்டு வாரம் கூடவே இருந்த படங்களை முதன்முறையாகப் பார்க்கிறோம் என்று எல்லாருக்கும் உறைக்கும். திரையில் எல்லாப் படமும் ஒரே அளவு. இங்கே ஒன்று உள்ளங்கை அகலம். இன்னொன்று கதவுக்குள் நுழையவில்லை. திரையில் கனன்ற சிவப்பு, பின்னாலிருந்து வெளிச்சம் இல்லாமல் சுவரில் செங்கல் நிறமாக உட்கார்ந்திருக்கிறது. கைப்பேசியில் யாரும் கவனிக்காமல் கடந்துபோன ஒரு சாம்பல் படத்தில், பக்கவாட்டு வெயில் விழுந்ததும், கரியைத் தேய்த்த கட்டைவிரலின் ரேகைகூடத் தெரிகிறது. திரையில் ஒன்றன்பின் ஒன்றாக வந்த படங்கள் இங்கே ஒன்றின் பக்கத்தில் ஒன்று நிற்கின்றன. ஒன்று இன்னொன்றின் குரலை அமுக்குகிறது, வேறொன்று தூக்கிவிடுகிறது. இந்தப் படத்தை அந்தச் சுவருக்கு மாற்று என்று தொடங்கும் வாக்குவாதத்தில்தான் அந்தப் பத்துப் பேர் முதல்முறையாக ஒரு குழு ஆகிறார்கள். சோழமண்டலத்தில் கூடி வாழ்ந்த வாழ்க்கையின் கடைசியில் கண்காட்சி வந்தது. இங்கே கண்காட்சியில்தான் கூடி வாழ்வது தொடங்குகிறது. பல நேரம் அன்றைக்கே முடிந்தும்விடுகிறது, ஏனென்றால் பத்துப் பேரில் வந்து சேர்ந்தவர்கள் மூன்று பேர். மற்றவர்களுக்கு ரயில் டிக்கெட்டுக்குப் பணம் ஒதுக்கவில்லை.

படங்களை நேரில் பார்க்கும் அறைக்கான பசி எவ்வளவு பெரியது என்பது 2021இல் ஆலப்புழையில் தெரிந்தது. கொச்சி பினாலே அறக்கட்டளை அங்கே 'லோகமே தறவாடு' என்று 267 மலையாளக் கலைஞர்களைக் கூட்டிக் கண்காட்சி வைத்தது. திறந்த சில நாட்களில் இரண்டாம் அலை வந்து மூட நேர்ந்தது. இணையத்தில் எல்லாவற்றையும் காட்டிவிட்டு முடித்திருக்கலாம். தொற்று தணிந்ததும் கதவுகளை மறுபடி திறந்தார்கள்.

சோழமண்டலம் இன்றும் இருக்கிறது. கிழக்குக் கடற்கரைச் சாலை வந்து, நகரம் அதைச் சுற்றி வளைத்துவிட்டது. அன்று ஊருக்கு வெளியே என்று வாங்கிய மணலை இன்று எந்த ஓவியர் சங்கமும் பாத்திக் விற்று வாங்க முடியாது. 2009இல் அங்கே தற்காலக் கலை மையம் திறந்தார்கள். சென்னை இயக்கத்தின் படங்கள் நிரந்தரமாக அதில் இருக்கின்றன. வாடகைக்குக் கிடைக்கும் காட்சிக்கூடங்களும் உண்டு. நந்தகோபால் 2017இல் மறைந்தார். முதல் தலைமுறையில் மிச்சமிருப்பவர்கள் சிலர்தான். இன்னொரு சோழமண்டலத்தை உருவாக்க வேண்டும் என்று மேடைகளில் கேட்கும்போதெல்லாம் நான் நிலத்தின் விலையைத்தான் நினைக்கிறேன். அது நடக்காது. ஆன்லைன் ரெசிடென்சிதான் நம் காலத்துக்குக் கிடைத்த வடிவம். அதைச் சரியாகச் செய்தால் போதும்.

சரியாகச் செய்வது கொல்லிமலையில் எப்படி இருக்கும் என்று எனக்கு ஒரு கணக்கு உண்டு. ஆடி 18ஐ ஒட்டி, ஆகஸ்ட் முதல் வாரத்தில் செம்மேட்டில் அரசு சார்பில் வல்வில் ஓரி விழா நடக்கிறது. மலர்க் கண்காட்சி, வில்வித்தைப் போட்டி, துறைகளின் அரங்குகள் என்று மலைமக்களும் கீழிருந்து வருகிறவர்களுமாகச் செம்மேடு நிறைந்திருக்கும். ஓவியத்துக்கென்று சென்னைக் கூடங்களில் வந்து நிற்கும் கூட்டத்தைவிட அது பல மடங்கு. ஜூன் தொடங்கி ஆறு வாரம் திரையில் கூடிய ஒரு குழு, கடைசிப் பத்து நாளைக்கு மலைக்கே வந்துவிடட்டும். விண்ணப்பம் தமிழில். குளிரூட்டிய கூடம் தேவையில்லை. பள்ளி வகுப்பறைகள் இரண்டு, ஈரம் படாத சுவர், பகலில் நல்ல சன்னல் வெளிச்சம். ஆடி மழையில் காகிதம் நமத்துவிடும், அதனால் படத்துக்குப் பின்னால் அட்டையும் தரையிலிருந்து ஓரடி உயரமும் அவசியம். பத்துப் பேருக்கு ரயில், பேருந்துக் கட்டணம், பத்து நாள் சாப்பாடு, தங்க இடம். உள் ஊர்களிலிருந்து வரைகிற பிள்ளைகள் மூன்று பேருக்காவது அதில் இடம் வேண்டும், உதவித்தொகையோடு. இதை மாவட்ட நிர்வாகமும் கலை பண்பாட்டுத் துறையும் ஓர் ஓவியக் கல்லூரியும் சேர்ந்தால் அடுத்த ஆடிக்கே செய்யலாம். விழாவுக்கு அரங்கு ஒதுக்கும் கூட்டம் நடக்கும்போது மேசையில் இந்த வேண்டுகோளும் இருக்க வேண்டும். அதை ஜூன் மாதத்துக்கு முன்பே கொடுத்தாக வேண்டும்.